பேப்பரில் வராத நம்பர்

வங்கியில் கார்டு கொடுக்கும்போது இப்போதெல்லாம் ஒரு பாடம் நடத்துகிறார்கள். நாலு எண் தேர்ந்தெடுங்கள், பிறந்த வருஷம் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இதைச் சொன்னபோது நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே திருச்சியில் நாலு எண்ணை மனசில் பூட்டி வைத்து ஒரு கல்லூரியின் மானத்தைக் காத்தவள் நான். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கம் காட்டுவது எனக்கு வராது.

எண்பதுகளின் தொடக்கம். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் கல்லூரியில், தேர்வுப் பிரிவில் எனக்குக் கிளார்க் வேலை. பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வித்தாள்கள் அரக்கு வைத்த கட்டுகளாக வரும். பரீட்சை நாள் காலைவரை அவை ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் சாவி ஹெட் கிளார்க்கிடம் இருந்தது. அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண், கையில் டிபன் பாக்ஸ் வைத்த துணிப்பை. ஒருநாள் பையை ஒன்றாம் நம்பர் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். டிபன் பாக்ஸ் போனதற்கு அவர் கவலைப்பட்டார். சாவி போனதற்குப் பிரின்சிபால் மதர் கவலைப்பட்டார். ஒரே மாதத்தில் புதுப் பெட்டி வந்து இறங்கியது. சாவி இல்லை. கதவில் நாலு பித்தளைச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை. நாமாக ஒரு நம்பர் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நம்பரை ஹெட் கிளார்க்தான் வைத்தார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் குளிக்கிறவர் மாதிரி மேல்துண்டை விரித்துச் சக்கரங்களை மறைத்துக்கொள்வார். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் மதர் வந்திருந்தபோது, "சார், நான் ஒரு தடவை திறந்து பார்க்கட்டுமா?" என்றேன். அவர் சிரித்தார். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், எட்டு என்று திருப்பினேன். கதவு திறந்துகொண்டது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நூற்றியெட்டுத் திருப்பதிகளில் முதல் திருப்பதியில் குடியிருக்கிற மனுஷர் வேறு எந்த நம்பரை வைப்பார்? கோபத்தில் அன்றைக்கே மாற்றினார். மறுநாள் அதையும் ஐந்தாவது முயற்சியில் திறந்துவிட்டேன்: இரண்டு, ஒன்று, பூஜ்யம், ஏழு. இருபத்தொரு கோபுரம், ஏழு திருச்சுற்று. நூலகத்து சிஸ்டர் நடுவில் புகுந்து, நூற்றைம்பத்து மூன்று வைத்தால் யாருக்கும் தெரியாது என்றார். முழு ஜெபமாலையில் அத்தனை அருள்நிறை மரியே வருகிறது என்று கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியும். உருதுத் துறை மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய சூட்கேஸ் எழுநூற்று எண்பத்தாறில் திறக்குமாம். ஆளுக்கொரு சாமி, சாமிக்கொரு நம்பர். திருடனுக்குக் கொஞ்சம் பக்தி இருந்தால் போதும், திருச்சியில் எந்தப் பூட்டையும் திறந்துவிடலாம்.

"அப்போ நீங்களே வையுங்கோ," என்றார் ஹெட் கிளார்க். "பொம்மனாட்டி வாயிலே ரகசியம் எத்தனை நாள் தங்கறதுன்னு பார்த்துடலாம்."

பெண்கள் படிக்கிற, பெண்களே நடத்துகிற கல்லூரியில், பிரின்சிபால் மதர் எதிரில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும். மதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே அறைச் சாவி சார்கிட்ட இருக்கட்டும். நம்பர் உன்கிட்ட. ஒரு பேப்பர்ல எழுதி, கவர்ல ஒட்டி என்கிட்ட கொடுத்துடு."

"எழுதினா அது ரகசியம் இல்ல மதர்."

"உனக்கு ஒண்ணுன்னா என்ன பண்றது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது மதர். அந்த நாலு எண்ணு என் வாயிலேர்ந்து யார் காதுக்கும் போகாது. என்னை நம்புங்க."

மதர் நம்பினார். அந்த வயசில் என் திமிர் அப்படி. பின்னால் பட்ட பாட்டுக்கு வேறு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பேசிவிட்டேனே தவிர, எந்த நம்பரை வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற உறையூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டே போனேன். பிறந்த வருஷம் என் ஃபைலிலேயே இருக்கிறது. வீட்டு நம்பர் கதவில் தொங்குகிறது. அப்பாவின் ரயில்வே டோக்கன் நம்பரைத் தெருவே சொல்லும். பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அவர் அதைத் தன் பேரைப் போலச் சொல்வார். சும்மா வாய்க்கு வந்த நாலு எண்ணை வைக்கலாம், ஆனால் பரீட்சை நாள் பதற்றத்தில் மறந்து தொலைத்தால்? எனக்கு மறக்கவே கூடாது, வேறு யாருக்கும் தெரிந்திருக்கவும் கூடாது. அப்படி ஒரு நம்பர் எங்கே கிடைக்கும்? சந்தோஷமான நம்பர்களை எல்லாம் நாம் எப்போதோ ஊருக்குச் சொல்லிவிட்டிருப்போம். மறக்காமலும் சொல்லாமலும் வைத்திருப்பது அவமானத்தை மட்டும்தான். சாலை ரோடு திரும்புவதற்குள் எனக்கு நம்பர் கிடைத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். பாஸானவர்களின் பதிவு எண்களை மட்டும் பேப்பரில் போடுவார்கள், பக்கம் பக்கமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி. அப்பா ஜங்ஷனிலிருந்தே பேப்பர் வாங்கி வந்தார். தரையில் விரித்துக் கட்டை விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். எனக்கு முந்தின நம்பர் இருந்தது. எனக்கு அடுத்த நம்பரும் இருந்தது. நடுவில் நான் இல்லை. அப்பா விரலை எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கணக்கில் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். எத்தனை தடவை பார்த்திருப்பேன், அந்தப் பேப்பரில் என் நம்பர் இல்லாத இடத்தை!

அன்று சாயங்காலமே ஜீயபுரத்திலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். அவருக்கு அங்கே வாழைக்காய் மண்டி. அவருடைய பையனும் அந்த வருஷம்தான் எழுதினான்; என்னைவிட நாலு மாதம் மூத்தவன், எனக்கு அண்ணன் முறை. அவனும் கணக்கில் பெயில். பெரியப்பா வந்ததும் வராததுமாக, "பாப்பா நம்பர் என்னப்பா?" என்று பேப்பரைக் கையில் எடுத்தார்.

அப்பா ஒரு நம்பரைச் சொன்னார். பெரியப்பா தேடினார். "இந்தா இருக்கே! ஏ அப்பா, பொட்டப்புள்ள ஜெயிச்சுட்டாளே!" என்றார். உள்ளே நின்றிருந்த எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்பா சொன்னது என் நம்பர் இல்லை. பேப்பரில் கண்ணில் பட்ட யாரோ ஒரு பிள்ளையின் நம்பர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் மறைந்துவிட்டது. அக்டோபரில் மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினேன். நடுவில் போன ஒரு வருஷத்துக்கு, "டைப்பிங் கத்துக்கிறா" என்று அப்பா காரணம் சொல்லிவிட்டார். அப்புறம் பி.யூ.சி., பி.காம்., இந்த வேலை. அண்ணன் மறுபடி எழுதவே இல்லை. மண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் ஜீயபுரம் போகும்போதெல்லாம் பெரியப்பா அவனைப் பார்த்து, "பொட்டப்புள்ள ஒரே தடவையில பாஸ் பண்ணினா. உனக்கு என்னடா கேடு?" என்பார். அண்ணன் குனிந்து சாப்பிடுவான். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். பெயிலானதைவிட எனக்கு அதுதான் வெட்கம். பதினோரு வருஷம் அவன் முகத்தை நேராகப் பார்த்து நான் பேசியதில்லை.

அந்தப் பேப்பரில் வராத நம்பரின் கடைசி நாலு எண்ணை மறுநாள் பெட்டியில் வைத்தேன். கணக்கில் தோற்ற நம்பர், இனி ஒரு கல்லூரியின் கேள்வித்தாள்களுக்குக் காவல். பித்தளைச் சக்கரம் கடைசியாக 'டக்' என்று விழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஹெட் கிளார்க் விடவில்லை. தினம் காலையில் காபி குடித்துவிட்டு வந்து இரண்டு நம்பர் முயற்சி பண்ணுவார். என் பிறந்த வருஷம், கல்லூரி ஆரம்பித்த வருஷம், எங்கள் உறையூர் வெக்காளியம்மன் கோயில் பக்கம் போகிற பஸ் நம்பர். அவர் சக்கரத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டால் நான் டைப் அடிக்கிற வேகம் கூடும். மூன்று வருஷம் அவரால் முடியவில்லை.

மூன்றாம் வருஷம் நவம்பர் பரீட்சை ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. முந்தின நாள் ஞாயிறு, ஜீயபுரத்தில் பெரியப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். போகாமல் இருக்க முடியாது. இரவு தங்கிவிட்டு, திங்கள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் ஏழரைக்குக் கல்லூரி. பரீட்சை பத்து மணிக்குத்தான். நானும் அப்பாவும் ஆறு மணிக்கே ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

பஸ் வரவில்லை. கொஞ்ச தூரத்தில் ஏதோ விபத்தாம். ரோட்டில் கட்டையைப் போட்டு மறியல். இப்போது விட்டுவிடுவார்கள், இப்போது விட்டுவிடுவார்கள் என்று நின்று நின்று எட்டரை ஆகிவிட்டது. காலைப் பாசஞ்சர் ரயில் போயாகிவிட்டது. அப்பா சைக்கிளில் கூட்டிப்போகிறேன் என்றார். அவர் வயசுக்கு, என்னையும் வைத்துக்கொண்டு மிதித்தால் பரீட்சை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அத்தனை பிள்ளைகளும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கேள்வித்தாள் பூட்டின பெட்டிக்குள் இருக்கும். எழுதி ஒரு கவரில் கொடு என்று மதர் கேட்டாரே, கொடுத்தேனா?

போன் இருந்தது பெரியப்பா மண்டியில். ஓடினேன். எக்ஸ்சேஞ்சில் சொல்லித் திருச்சிக்கு அவசர டிரங்க் கால் போட்டு, லைன் கிடைக்கக் காத்து உட்கார்ந்தேன். மண்டி அன்று நிரம்பி வழிந்தது. ஊர் திரும்ப முடியாத மாப்பிள்ளை வீட்டார், லாரி கிளம்பாமல் நின்ற வியாபாரிகள், வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்து பீடி குடிக்கிறவர்கள். மாப்பிள்ளையின் அத்தை மகள் எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாள். அன்றைக்குப் பரீட்சை எழுதுகிறவர்களில் ஒருத்தி. அந்த அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன். ஒன்பது நாற்பதுக்கு லைன் கிடைத்தது.

"எங்கே இருக்கேள்?" ஹெட் கிளார்க் கத்தினார். "மதர் வாசல்லயே நிக்கறா!"

"ஜீயபுரத்துல மாட்டிக்கிட்டேன் சார். மறியல். வர முடியாது."

"பெருமாளே! அப்போ நம்பரைச் சொல்லுங்கோ, பென்சிலோட நிக்கறேன்."

டிரங்க் காலில் கிசுகிசுக்க முடியாது. கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். நான் கத்தினால் மண்டி முழுக்கக் கேட்கும், நடுவில் எக்ஸ்சேஞ்சிலும் கேட்கும். சொல்லிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். ஹெட் கிளார்க் மாற்றினால் மறுபடி ஏதாவது பெருமாள் நம்பர்தான் வைப்பார், நான் எப்போது போய்ச் சேருவேன் என்று எனக்கே தெரியாது. அந்த இரண்டு வாரத்துக்குமான தாள்கள் மொத்தமும் அந்தப் பெட்டியில் இருந்தன. அதெல்லாம் ஒரு பக்கம். என் வாயிலிருந்து வராது என்று சொல்லியிருந்தேன். வார்த்தை என்றால் வார்த்தை.

அந்த நம்பர் வேறு ஒரு இடத்தில் எழுதியிருந்தது. ஹெட் கிளார்க் மட்டும் திறக்கிற பீரோவில், என் ஃபைலில், என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில். பிறந்த தேதிக்காக முதல் பக்கத்தைப் பார்த்தவர்கள் உண்டு. மார்க் பக்கத்தை யாரும் புரட்டியதில்லை. அதைப் புரட்டச் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்ல வேண்டும், யார் யாருக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தால் என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. பார்க்கவில்லை.

"சார், உங்க பீரோவுல என் ஃபைல் இருக்கு. அதுல எஸ்.எஸ்.எல்.சி. புக்கை எடுங்க."

"பிறந்த தேதியா?"

"இல்ல சார். பரீட்சை மார்க் போட்ட பக்கம். ரெண்டு தடவை எழுதினது இருக்கும்."

"ரெண்டு தடவையா? ஏன்?"

"முதல் தடவை நான் பெயில் சார். அந்தப் பெயிலானதுக்கு நேரா ஒரு பதிவு நம்பர் இருக்கும். அதுல கடைசி நாலு."

"கேக்கலையே! என்ன ஆனேள்?"

"பெயில் சார்! பெயில்! நான் எஸ்.எஸ்.எல்.சி. பெயில்!"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்று நான் போட்ட சத்தத்தில் ஊர் வாய் தானாகவே மூடிக்கொண்டது. தராசில் தார் வைத்துக்கொண்டிருந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் ஹெட் கிளார்க் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று நிமிஷம் ஆகிவிட்டது என்றாள் எக்ஸ்சேஞ்ச் பெண். அப்புறம் அவளாகவே, "இருங்க, கட் பண்ணலை," என்றாள்.

அண்ணன்தான் முதலில் பேசினான். "நீயுமா?"

"நானும்தான். கணக்குல."

பெரியப்பா அப்பாவிடம் திரும்பினார். "என்னடா தம்பி இது? அன்னைக்கு நம்பர்கூடச் சொன்னியே, பேப்பர்ல நானே பார்த்தேனே?"

அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். காது வலித்தது.

"அது யாரு பெத்த புள்ளையோட நம்பரோ, அண்ணே," என்றார் அப்பா. "நான் பொய் சொன்னேன். எம்பொண்ணு நம்பர் பேப்பர்ல வரலை. ஆனா இப்ப பாருங்க. அந்தப் பெயிலான நம்பர் இல்லாம ஒரு காலேஜே பரீட்சை எழுத முடியாம நிக்குது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. பதினோரு வருஷமாக அந்த நம்பரை நான் மட்டும் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. ஹெட் கிளார்க்குக்கு மூச்சு இரைத்தது.

"தொறந்துடுத்து! கேள்வித்தாள் கட்டை மதர் எடுத்துண்டு போயிட்டா. மணி ஒம்பது அம்பது." பேச்சு அத்தோடு நிற்கவில்லை. "ஏம்மா, மூணு வருஷமா என்னென்னவோ திருப்பிப் பார்த்தேன். இது என் புத்திக்கு ஜென்மத்துக்கும் எட்டியிருக்காது. கணக்குல முப்பத்தொண்ணா? நாலு மார்க்குலதானே போயிருக்கு!"

"ஆமா சார்," என்றேன், டிரங்க் காலுக்கு வேண்டியதைவிடச் சத்தமாகவே. "கணக்குல முப்பத்தொண்ணு!"

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். தன் அப்பாவைப் பார்த்தான், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தான், மண்டியில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தான்.

"எனக்கு முப்பத்திமூணு," என்றான்.